ஜெயசீலனைக் கூப்பிடாத நாள்

அருள்,

போன வாரம் நீ போன் பண்ணி, "உங்க கம்பெனியில சிஸ்டம் நின்னப்ப நீங்கல்லாம் இன்னாம்மா பண்ணீங்க?" என்று கேட்டாய். "சமாளிச்சோம்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆம்பூரிலிருந்து வரும் பஸ்ஸில் அன்றைக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. பள்ளிகொண்டா வரைக்கும் நின்றுகொண்டே வந்து, வீங்கின காலைத் தூக்கி நாற்காலியில் வைத்த நேரத்தில் நீ கூப்பிட்டாய். இப்போதெல்லாம் யாராவது நல்ல கேள்வியாகக் கேட்டால்கூட முதலில் அலுப்புதான் வருகிறது. இந்த வருஷத்தோடு எனக்கு ஓய்வு. அப்புறம் இதை யாரும் என்னிடம் கேட்கப் போவதில்லை. ஆகவே கேட்ட உனக்கே முழுதாகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

செய்யாறு பக்கத்து ஷூ கம்பெனியில் சேர்ந்த உடனே உன்னிடம் இந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். சாஃப்ட்வேர் நின்றுபோனால் கம்பெனி எப்படி ஓட வேண்டும் என்று திட்டம் எழுதச் சொன்னது நல்ல விஷயம்தான். எங்களிடம் அப்படி யாரும் கேட்கவே இல்லை. நீ அனுப்பியதைப் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். கட்டிங் நின்றால் என்ன, ஸ்டோர் நின்றால் என்ன, கேட் திறக்காவிட்டால் என்ன என்று ஒவ்வொன்றாக அழகாகப் போகிறது. ஆனால் ஒவ்வொரு பாதையும் கடைசியில் ஒரே இடத்தில் போய் முடிகிறது. 'அருளைத் தொடர்பு கொள்ளவும்.' பக்கத்தில் உன் நம்பர். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அந்த நாளுக்கும் அதே நம்பர்தான். எழுதும்போது உனக்கு அது உறுத்தவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்திருக்கலாம். அப்படி எல்லா இடத்திலும் தன் நம்பர் இருந்த ஒரு மனிதரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன்.

ஜெயசீலனை உனக்குத் தெரியும். நீ காலேஜில் படிக்கும்போது உன் லேப்டாப்பைச் சரி பண்ண ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர். தட்டுக்குப் பக்கத்திலேயே போனை வைத்துக்கொண்டு சாப்பிட்டார் என்று அவர் போனபின் நீ சிரித்தாய். பேரணாம்பட்டுக்காரர். அப்பா தோல் ஷெட்டில் உழைத்தவர், அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்தவர். வேலூரில் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு எங்களிடம் கணக்கு ஏற்றும் ஆளாகத்தான் சேர்ந்தார். அப்போதுதான் கம்பெனிக்குள் சாஃப்ட்வேர் வந்தது. முதலில் ஸ்டோருக்கு மட்டும் என்றார்கள். பிறகு கட்டிங்குக்கு, பிறகு பேக்கிங்குக்கு, பிறகு கேட்டில் அட்டை தேய்ப்பதற்கு. கொஞ்ச வருஷத்தில் சிஸ்டம் சொல்லாமல் ஒரு ஜோடி லேஸ்கூட ஸ்டோரை விட்டு வெளியே வராது என்ற நிலைமை வந்துவிட்டது. அது எல்லாவற்றையும் கட்டிக் காத்தவர் ஜெயசீலன் ஒருவர். அவருக்குக் கீழேயும் ஆள் இல்லை, பக்கத்திலும் ஆள் இல்லை.

அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை என்பதுதான் விஷயம். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் குடும்பத்தோடு அமிர்திக்குப் போயிருக்கிறார். அருவிக்குப் பக்கத்தில் சிக்னல் இல்லை. கம்பெனியில் பிரிண்டர் அன்றைக்கு மக்கர் பண்ணும் என்று மனதில் பட்டதாம். பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டுவிட்டு, மனைவியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சிக்னல் கிடைக்கிற இடம் வரைக்கும் திரும்ப நடந்து வந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் குடும்பம் நனைந்த துணியோடு அவரைத் தேடிக்கொண்டு வந்தது. இதை அவரே கேன்டீனில் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஜெனரல் மேனேஜர் வெங்கடேசன் சார், "இந்த மாதிரி ஆளு கிடைக்க நாம குடுத்து வச்சிருக்கணும்" என்றார். அதுதான் எங்கள் கம்பெனியின் மொத்த ஏற்பாடு. இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. அப்போது யாருக்கும் அப்படித் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஒரு மழைக்காலத்தில் அவருடைய அப்பா இறந்துபோனார். கொஞ்ச நாளாகவே மூச்சுக் கோளாறு. ஜெயசீலன் எனக்குப் போன் பண்ணி, மறுநாள் பிற்பகல் அடக்கம், சர்ச்சில் ஜெபம் முடிந்து கல்லறைக்கு எடுத்துப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, ஸ்கேனர் ஒன்று சரியில்லை, அதைத் தொட வேண்டாம் என்றும் சொன்னார். ஸ்டோர் பொறுப்பாளர் ரஹ்மத் பாயும் நானும் மத்தியானம் கிளம்பி பேரணாம்பட்டு போய்விட்டு வருவது என்று பேசிக்கொண்டோம். பூக்கடையில் மாலைக்குக்கூடச் சொல்லிவிட்டோம்.

மறுநாள் காலை நாங்கள் உள்ளே போகும்போதே சிஸ்டம் இறந்து கிடந்தது. விடியலில் பெரிய இடி. கரண்டு போய் வந்ததில் என்னவோ ஆகியிருக்கிறது. சர்வர் விளக்கு எரிகிறது, ஆனால் எந்த மேஜையிலும் எதுவும் திறக்கவில்லை. கேட்டில் அட்டை தேய்க்க முடியாமல் பெண்கள் ரோட்டு வரைக்கும் வரிசையில் நின்றார்கள். கட்டிங்கில் எந்தத் தோலை எந்த டிசைனுக்கு வெட்டுவது என்ற சீட்டு வரவில்லை. பேக்கிங்கில் பெட்டிகள் லேபிள் இல்லாமல் அடுக்கிக் கிடந்தன. சாஃப்ட்வேர் விற்ற சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டோம். எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். உள்ளே வந்து பார்க்க அட்மின் பாஸ்வேர்டு வேண்டும் என்றான். ஒப்பந்த நம்பர் வேண்டும் என்றான். இரண்டுமே ஜெயசீலன் தலைக்குள் இருந்தன.

லைன்களை ஓட்டுவது என் பொறுப்பு அல்லவா, வெங்கடேசன் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. அன்றைக்குச் சாயங்காலம் கண்டெய்னர் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். போன சரக்கே தாமதமாகப் போய், வாங்குகிறவன் ஒரு முறை எச்சரித்திருந்தான். இந்தச் சரக்கும் தவறினால் அடுத்த சீசனுக்கு ஆர்டர் வராது, ஒரு லைனை மூட வேண்டியிருக்கும், அந்த லைனில் உட்கார்ந்து தைக்கிற பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். இது எதுவும் மிரட்டல் இல்லை. எல்லாம் உண்மை.

"ஜெயசீலனுக்கு ஒரு போன் போடும்மா. பாஸ்வேர்டு மட்டும் வாங்கு. ரெண்டு நிமிஷ வேலை. நீ கேட்டா சொல்லிடுவான்."

"சொல்ல மாட்டாரு சார். வந்துடுவாரு. அதனாலதான் கூப்பிட மாட்டேன்" என்றேன்.

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. நான் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்கு முன்னால் அது அப்படியே தெரிந்தது. போன் அடிக்கும். அவர் அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வெளியே வருவார். பாஸ்வேர்டைச் சொல்வார். அது போதாது. அந்தப் பையன் வேறு ஏதாவது கேட்பான். இன்னொரு முறை போன் அடிக்கும். மூன்றாவது முறை அவரே, "நான் வந்து பாத்துட்டு ஒரு மணி நேரத்துல திரும்பிடறேன்" என்று வண்டியை எடுப்பார். ஆம்பூரில் சர்வருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அங்கே அவருக்காகக் காத்திருந்து காத்திருந்து, பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியை எடுத்துவிடச் சொல்வார். யாரும் அவரை வா என்று சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லாரும் இரண்டு நிமிஷம்தான் கேட்டிருப்பார்கள்.

சார் தன் போனை எடுத்தார். நம்பர் அவரிடமும் இருந்தது. திரையில் அந்தப் பேர் வரைக்கும் போனார். பிறகு போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி. கம்ப்யூட்டர் இல்லாம ஓட்டு. இன்னிக்கு இன்னா ஆனாலும் நீதான் பதில் சொல்லணும்" என்றார். அவர் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அதற்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, அதற்குப் பின் என்னிடம் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பது வேறு கதை.

நாங்கள் கையால் ஓட்டிய அந்த நாள் ஒன்றும் வீரக்கதை இல்லை. கேட்டில் செக்யூரிட்டி ஒரு நோட்டில் பேர் எழுதிக்கொண்டு பெண்களை உள்ளே விட்டார். அதற்கே வேலை நேரம் கரைந்தது. பஜாருக்கு ஆள் அனுப்பி கார்பன் வைத்த பில் புத்தகங்கள் வாங்கி வந்தோம். ரஹ்மத் பாய் தோலைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். ஒரே தோல் கட்டுக்கு இரண்டு சூப்பர்வைசர்கள் வந்து நின்று, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். முந்தின நாள் எது வரைக்கும் வெட்டினார்கள் என்று கேட்டால் கட்டிங்கில் ஒரு பதில், ஸ்டிச்சிங்கில் ஒரு பதில். பேக்கிங்கில் லேபிளைக் கையால் எழுதி ஒட்டினோம். சைஸ் மாறிப் போய்விட்டது. ஒரு வரிசையை முழுக்கப் பிரித்துத் திரும்ப அடுக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, எங்கள் யாருக்கும் வேலை தெரியாமல் இல்லை, ஆனால் ஒருவர் வேலை இன்னொருவரிடம் போய்ச் சேரும் வழி முழுதும் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போய்விட்டது. அதை வெளியே எடுத்து வைக்க ஒரு நாளைக்கு முன்னால் யோசித்திருந்தால்கூடப் போதும்.

கண்டெய்னர் போகவில்லை. சாயங்காலம் டிரைவர் வண்டிக்கடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். கப்பல் தவறியது. பாதிச் சரக்கை விமானத்தில் அனுப்பும்படி ஆனது. ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை, லைனும் மூடவில்லை. ஆனால் அது தெரிய ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதம் முழுக்க ஸ்டிச்சிங் ஹாலைக் கடந்து போகும்போது நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த வருஷம் எனக்கு வர வேண்டிய பதவியும் வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீ அப்போது காலேஜ் கடைசி வருஷம். அம்மா ஏன் எப்போதும் கடுகடுவென்றே இருக்கிறாள் என்று உன் அப்பாவிடம் கேட்டாயாம். இதற்காகத்தான்.

இன்னொன்றும் தவறிப்போனது. பேரணாம்பட்டு போக எங்களால் முடியவில்லை. மத்தியானம் வரை போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தோம். பிறகு நேரம் போய்விட்டது. சொல்லி வைத்த மாலையைக் கடைக்காரரே பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். அடக்கத்துக்குக் கம்பெனியிலிருந்து ஒருவரும் போகவில்லை.

ஜெயசீலன் மறுநாள் காலையிலேயே வந்து நின்றார். அவர் தெருவில் இருக்கிற எங்கள் செக்யூரிட்டி ஒருவர் சொல்லிவிட்டார். ஆக நான் அவருக்கு வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு நாள். மத்தியானத்துக்குள் சிஸ்டத்தை எழுப்பிவிட்டார். பிறகு என் மேஜைக்கு வந்தார். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். அவர் முகத்தில் இருந்தது கோபம்.

"ஏன் மேடம் எனக்குச் சொல்லல? ரெண்டு நிமிஷத்துல சொல்லிருப்பேன். எல்லாரும் வருவீங்கன்னு வாசல்லயே பாத்துட்டு இருந்தேன். ஒருத்தர்கூட வரல. என்னை வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்களோன்னு நெனச்சேன்" என்றார்.

உங்களைக் கூப்பிடக் கூடாது என்று நினைத்ததால்தான் வர முடியவில்லை என்றேன். எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அருள், ஒரு மனிதரை நம்பி ஒரு கம்பெனி நிற்கும்போது கெட்டுப்போவது கம்பெனி மட்டும் இல்லை. அந்த மனிதரும் தன்னைச் சாயாமல் நிறுத்தியிருப்பது அந்தப் பாரம்தான் என்று நம்பிவிடுகிறார். பாரத்தை இறக்கி வைக்கிறேன் என்று நீ போனால், தள்ளிவிட வருகிறாய் என்று நினைப்பார்.

அப்படித்தான் ஆயிற்று. எல்லா பாஸ்வேர்டுகளையும் எழுதி ஒரு கவரில் ஒட்டி சாரின் அலமாரியில் வைக்க வேண்டும், பிளானிங்கில் இருக்கிற சங்கீதாவுக்கு சர்வர் வேலையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்டேன். ஆகட்டும் என்றார். செய்யவில்லை. அடுத்த வாரம் கேட்டேன். வேலை ஜாஸ்தி என்றார். சங்கீதா நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால், திரையைத் திருப்பி வைத்துக்கொண்டு வேகமாகத் தட்டிவிட்டு, "இவ்ளோதான், ஒண்ணும் இல்ல" என்பாராம். கடைசியில் ஒருநாள் என்னிடம் நேராகவே கேட்டுவிட்டார். எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் தான் எதற்கு என்று. பிள்ளைகள் இரண்டும் படிக்கின்றன. அம்மா தனியாகிவிட்டார். எனக்கு அவர் மேல் பேஜாராக இருந்தது, அதே நேரத்தில் அவர் பயம் தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை. வேலை தெரிந்தவர் எழுதிக் கொடுத்த பின்னால் அவரை அனுப்பிவிட்ட கம்பெனிகளை நாம் இரண்டு பேருமே பார்த்திருக்கிறோம். வெங்கடேசன் சாரிடம் போய், அவர் இடத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நீங்களே அவர் எதிரில் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். ஜெயசீலன் கேட்டுக்கொண்டார். அப்போதும் செய்யவில்லை.

சில மாதம் கழித்து ஒரு மழை நாளில் கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். டீயைத் தள்ளி வைத்துவிட்டுத் தானாகவே ஆரம்பித்தார். அன்றைக்கு சர்ச்சிலும் போன் அவர் பாக்கெட்டில்தான் இருந்ததாம். காலையிலிருந்து ஒரு போன்கூட வராதது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்ததாம்.

"குழியில மண்ணு போடச் சொன்னாங்க மேடம். எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. அப்பக்கூட என் கை பாக்கெட்டுக்குத்தான் போச்சு. போன் துடிக்கிற மாதிரியே இருந்திச்சு. எடுத்துப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. எங்கம்மா அதைப் பாத்துட்டாங்க."

அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம். அதற்குப் பிறகும் சொல்லவில்லையாம். அதுதான் தாங்கவில்லை என்றார். அந்த வாரமே சங்கீதாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, மெதுவாகத் தட்டிக் காட்ட ஆரம்பித்தார். கவரும் அலமாரிக்குப் போனது. நான் சொல்லி அவர் மாறவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீயும் நிறையப் பேருக்கு நிறையச் சொல்லப் போகிறாய். கேட்டுக்கொள்வார்கள். செய்ய மாட்டார்கள். அவரவருக்கு உறைக்கிற நாள் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது ரொம்பக் களைப்பான வேலை.

அதற்கப்புறம் நாங்கள் செய்ததெல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள். ஒவ்வொரு சாயங்காலமும் மறுநாள் கட்டிங் சீட்டைக் காகிதத்தில் அடித்து ஹாலில் தொங்கவிட்டோம். எந்தத் தோல் எங்கே இருக்கிறது என்பதை ரஹ்மத் பாய் அலமாரி மேலேயே எழுதி ஒட்டினார். சென்னைக் கம்பெனியின் நம்பரும் ஒப்பந்த நம்பரும் சுவரில் ஏறின. சிஸ்டம் நின்றால் எதை உடனே ஓட்டுவது, எதை அன்றைக்கு விட்டுவிடுவது, யார் அதைச் சொல்வது என்று பேசி வைத்தோம். இந்தக் கடைசிதான் கஷ்டம். எல்லாருக்கும் தங்கள் செக்‌ஷன்தான் முதலில் ஓட வேண்டும். பேக்கிங்கை முதலில் பார்ப்பது, புதிய தோல் வெட்டுவதை நிறுத்தி வைப்பது என்று முடிவாக இரண்டு கூட்டமும் ஒரு மனத்தாங்கலும் ஆயின. உன் திட்டத்தில் எல்லாமே உடனே ஓட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அப்படி ஓடாது. எதை நிறுத்துவது என்று அமைதியான நாளிலேயே சண்டை போட்டு முடித்துவிடு.

பேக்கப் காப்பி விஷயமும் ஒன்று உண்டு. சிஸ்டத்தில் இருப்பதை எல்லாம் தினமும் வேறொரு பெட்டியில் காப்பி எடுத்து வைக்கிறோம் என்று ஜெயசீலன் சொல்வார். பச்சை விளக்கு எரியும். எல்லாருக்கும் நிம்மதி. ஒருநாள் சங்கீதா, அதைத் திருப்பிப் போட்டால் எப்படி வரும் என்று பார்க்கலாமா என்று விளையாட்டாகக் கேட்டாள். ஒரு பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை. ஏதோ ஒரு மாற்றத்தின்போது இடம் தவறி, மாதக்கணக்காக காலி ஃபோல்டரைத்தான் பத்திரமாகக் காப்பி எடுத்துக்கொண்டிருந்தது. ஜெயசீலன் அவளைத் திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை. இனி மாதம் ஒரு முறை இதை நீதான் பார்க்க வேண்டும் என்று அவளிடமே கொடுத்துவிட்டார். உன் ஆட்களிடம் காப்பி எடுத்தாயா என்று கேட்காதே. எடுத்தேன் என்றுதான் சொல்வார்கள், உண்மையாகவே எடுத்தும் இருப்பார்கள். திருப்பிப் போட்டுப் பார்த்தாயா என்று கேள்.

சீசன் இல்லாத நாளாகப் பார்த்து, அரை நாள் சிஸ்டத்தை நாங்களே நிறுத்திவிட்டு வேலை பார்ப்பது என்றும் ஆரம்பித்தோம். முதல் தடவை எல்லாரும் என்னைத்தான் திட்டினார்கள். நல்லா ஓடுகிற வண்டியை நிறுத்திப் பார்க்கிறாள் என்றார்கள். இரண்டாவது தடவையும் திட்டினார்கள். மூன்றாவது தடவை திட்டிக்கொண்டே வேலையைச் செய்தார்கள். அதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை.

பிறகு எல்லாம் கிளவுடுக்குப் போனது. சின்ன முதலாளி, இனிமேல் இடி விழுந்தாலும் நிற்காது, இந்தப் பயிற்சியெல்லாம் எதற்கு என்றார். நீயும் முன்பொரு முறை போனில் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாய். எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டர்தான். ஒன்றுதான் வித்தியாசம், அது நின்றால் அழைத்துக் கேட்க ஜெயசீலன்கூட இருக்க மாட்டார். 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று பதிவு செய்த குரல்தான் திரும்பத் திரும்ப வரும். போன வருஷம் ஒரு நாள் அப்படி நின்றது. எங்கள் கம்பெனியில் மட்டும் இல்லை, அந்த சாஃப்ட்வேரை வைத்திருந்த எல்லாருக்கும் நின்றதாம்.

காலையில் வந்ததும் சங்கீதா திரையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொன்னாள். கட்டிங் சீட்டு ஹாலில் தொங்கிக்கொண்டிருந்தது. பில் புத்தகம் இழுப்பறையில் இருந்தது. பேக்கிங்குக்கான லேபிள் முந்தின நாளே அடித்து வைத்திருந்தோம். கொஞ்சம் சத்தம் இருந்தது, கொஞ்சம் தப்பும் நடந்தது. ஒரு லைன் மத்தியானம் வரைக்கும் மெதுவாகத்தான் ஓடியது. ஆனால் கண்டெய்னர் கிளம்பியது. பெண்கள் வழக்கமான பஸ்ஸில் ஏறிப் போனார்கள். சாயங்காலம் வெங்கடேசன் சார் என் மேஜைப் பக்கம் வந்து, "இன்னிக்கு சிஸ்டம் இல்லியாமே? எனக்குத் தெரியவே இல்ல" என்றார். அவ்வளவுதான். அடுத்த வருஷத் திட்டத்தில் அந்த அரை நாள் பயிற்சியை எடுத்துவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லையே, எதற்கு வீண் என்று காரணம் சொன்னார்கள். இந்த வேலையின் கூலி இதுதான். சரியாகச் செய்தால் நடந்ததே யாருக்கும் தெரியாது. தெரியாததை வேண்டாம் என்று எடுத்துவிடுவார்கள். அதை மறுபடி வைக்கச் சொல்லி நீ மறுபடி கேட்க வேண்டும். எனக்குக் கேட்கத் தெம்பு இல்லை. சங்கீதா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஜெயசீலன் அன்றைக்கு லீவில் இருந்தார். இரண்டு நாளாகக் காய்ச்சல். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. இந்த முறை அதற்காக யாரும் யாரோடும் வாதாட வேண்டியிருக்கவில்லை. கூப்பிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவே இல்லை. மறுநாள் அவர் வந்தபோது எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. பழையபடி முகம் சுருங்கிவிடுமோ என்று. சங்கீதாதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். காலையில் நின்றது, சாயங்காலம் வந்தது, இப்படி இப்படி ஓட்டினோம் என்று. அவர் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் தூங்கிட்டிருந்தேன் மேடம்" என்றார். "மாத்திரை போட்டுட்டு காலையில படுத்தவன். எழுந்து பாக்கறேன், பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்துட்டாங்க."

அதைச் சொல்லும்போது அவர் முகம் சுருங்கவில்லை; அதில் இருந்ததை என்னால் எழுத முடியவில்லை. ஒரு பெரிய மனிதர், நாள் முழுக்கத் தூங்கினேன் என்பதை என்னிடம் வந்து சொல்கிறார், நான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

அம்மா